காலை எடுத்து வாயில் வைத்த கதை

போன வாரம் ஒரம்பரை வீட்டுக் கல்யாணத்தில் ஒரு அக்கா என் தாவாக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தியில் ரசம் வருகிற நேரம் பார்த்து, "ஏம்மிணி, அது கேன்சரா?" என்று கேட்டேவிட்டார். "இல்லீங்க்கா" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, ஆனால் அரைப் பதில். என் தாடையில் வந்த கட்டியின் மீதிக் கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். அப்போது பன்னிரண்டு விசைத்தறி ஓடியது. எங்க வீட்டுக்காரர் தறியைப் பார்த்துக்கொள்வார், நான் ஊடை நூலைத் தாரில் சுற்றுவேன், கணக்கும் எழுதுவேன். ஒரு மாரியம்மன் நோம்பிக்கு எடுத்த போட்டோவில் என் வலது கன்னம் உப்பலாகத் தெரிந்தது. சதை போட்டுவிட்டது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன். துளி வலி இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கக் கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்தது. பக்கத்து டவுனில் ஒரு பல் கிளினிக்கில் எக்ஸ்ரே கூட எடுக்காமல் பிடுங்கி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். புண் ஆறிவிட்டது, வீக்கம் அப்படியே நின்றது. "கிருமிதான், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். அதை நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது. இன்னும் ஒன்றரை வருஷம் ஓடிப்போனது.

கடைசியில் கோயமுத்தூரில் ஓபிஜி எடுத்தோம். மிஷின் தலையைச் சுற்றி வரும், மொத்தத் தாடையும் ஒரே படத்தில் விழும். இடது பக்கம் எலும்பு எலும்பாக இருந்தது. வலது பக்கம் காதுக்குக் கீழே வரை குமிழ் குமிழாக, துணி துவைத்த நுரை மாதிரி. "நாங்களும் சோப்பு நுரைன்னுதான் சொல்லுவோம்" என்றார் டாக்டர். துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அமெலோபிளாஸ்டோமா என்று பெயர் வந்தது. பல்லுக்கு எனாமல் போட வேண்டிய செல்களின் வம்சத்திலிருந்து கிளம்புகிற கட்டி. பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருத்தருக்கு வந்தால் உண்டு, பெரும்பாலும் கீழ்த்தாடையில்தான் வரும். கேன்சர் வகையில் சேராது, உடம்பில் வேறு இடத்துக்குப் போவதும் ரொம்ப அபூர்வம். ஆனால் இருக்கிற எலும்பைத் தின்றுகொண்டே போகும்.

இன்னொரு இடத்தில் உள்ளே சுரண்டி எடுத்தால் போதும், நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எனக்கு அதில்தான் ஆசை. கோயமுத்தூர் டாக்டர் என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, "காடாத் துணியில தறி எண்ணெய் பட்டா எப்படி வெட்டுவீங்க?" என்றார். கறை தெரிகிற இடத்தைத் தாண்டியும் எண்ணெய் ஊறியிருக்கும், அதையும் சேர்த்துத்தான் வெட்டுவோம் என்றேன். "இதுவும் அப்படித்தானுங்க" என்றார். கட்டி எலும்பின் நுண்ணிய துளைகளுக்குள் ஊறியிருக்குமாம். சுரண்டினால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். படத்தில் தெரிகிற எல்லையைத் தாண்டி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் எடுக்க வேண்டும். அதற்கப்புறம் நான் மறுபேச்சு பேசவில்லை. நாலு தறியை விற்றோம்.

எடுத்த தாடைக்குப் பதில் காலில் இருந்து எலும்பு. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு உண்டு. பாரம் தாங்குவது பெரியது, பக்கத்தில் ஒல்லியாக நிற்பது ஃபிபுலா. மேலும் கீழும் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் எடுத்தால் நடக்கத் தடையில்லை. தாடைக்கு இப்படி வைக்கும் முறையை 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க டாக்டர் எழுதியிருக்கிறார் என்று பின்னால் படித்தேன். அம்முச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, இதைச் சொன்னபோது, "காலை எடுத்து வாயில வெக்கறாங்களா சாமி?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. அதுக்கு அப்புறம் ஊரில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

ஆபரேஷன் பதினொரு மணி நேரம். எலும்பை அறுத்து, தாடை வளைவுக்கு இரண்டு துண்டாக்கி, டைட்டானியம் தகட்டில் முடுக்கியிருக்கிறார்கள். அதோடு வந்த ரத்தக் குழாயைக் கழுத்துக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்க வேண்டும். குழாயின் அகலமே இரண்டு மூன்று மில்லிமீட்டர், தைக்கிற நூல் தலைமுடியை விட மெலிசு. எங்கள் குடோனுக்குப் பாவு பிணைக்க, அதாவது தீர்ந்த பாவின் நூலோடு புதுப் பாவின் நூலை இழை இழையாக முடி போட, வருகிற அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "எத்தன இழைங்க?" என்றார். அவர் ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் பிணைப்பவர். தமனி ஒன்று, சிரை ரெண்டு என்றேன். "மூணுதானா" என்று சொன்னவர், கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நம்மளுது அறுந்தா மறுபடி முடி போட்டுக்கலாமுங்க" என்றார்.

அது அறுந்துவிடக் கூடாதே என்றுதான் ஐசியூவில் மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து டாப்ளர் வைத்துப் பார்த்தார். புஸ், புஸ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம். முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். சத்தம் நின்றால் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். ராத்திரி முழுக்க அடுத்த புஸ் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்ததால் பேச்சு வராது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிலேட்டில் எழுதிக் காட்டித் திண்டாடினார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. தறி ஓடுகிற சத்தத்தில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? பதினாறு வருஷமாகக் கைச்சாடையில்தான் குடும்பம் நடத்துகிறோம். இரண்டு விரலை முறுக்கினால் இழை அறுந்துவிட்டது, உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. நான் உள்ளங்கையைக் கவிழ்த்தால் அவர் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்து சளியை உறியச் சொல்வார்.

மூக்குக் குழாய் பதினாலு நாள். அப்புறம் வடிகட்டின கம்மங்கூழ், கொள்ளு ரசம். அரிசிம்பருப்பு சாதத்தை நெய் விட்டு மிக்சியில் அடித்துச் சாப்பிட்ட அன்றைக்கு அழுதுவிட்டேன், ருசி அப்படியே இருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குக் கூடத் திறக்கவில்லை. குச்சி ஐஸ் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். பதிமூன்றாவது குச்சியில் வாரக்கணக்கில் நின்றேன். கால் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் நடந்தது. கட்டைவிரல் மட்டும் இன்றைக்கும் முழுசாக மடங்காது, செருப்பு கழன்று கழன்று போகும்.

ஒரு விஷயத்தை யாருமே முன்னால் சொல்லவில்லை. எலும்போடு கால் தோலும் கொஞ்சம் வைத்து ஈறை மூடியிருந்தார்கள். கால் தோல் கால் தோலாகத்தானே இருக்கும்? மூன்றாம் மாசம் வாய்க்குள் முடி முளைத்தது. நாக்கில் உரசும், துப்பினாலும் போகாது. டாக்டர் சிரித்துக்கொண்டே கத்தரித்துவிட்டார்.

பதினாலு மாசம் கழித்து அந்தக் கால் எலும்பிலேயே திருகு இறக்கிப் பல் கட்டினார்கள். வருஷா வருஷம் ஓபிஜி எடுக்கிறேன், கட்டி பத்து வருஷம் கழித்தும் திரும்பி வருவதுண்டு என்பதால். படம் வரும்வரை அந்த அரைமணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

திரும்பி வராதது உதட்டின் உணர்ச்சி. எலும்புக்குள் ஓடின நரம்பும் கூடவே போய்விட்டது. கீழ் உதட்டில் வலது பாதி என்னுடையது மாதிரியே இல்லை. டீ சுடுகிறதா என்று இடது பக்கம்தான் பார்க்க வேண்டும். ரசம் தாவாக்கட்டையில் வழிந்தாலும் தெரியாது. கல்யாணப் பந்தியிலும் வழிந்திருக்கிறது. எதிர்வரிசையில் இருந்து எங்க வீட்டுக்காரர் ஒரு விரலால் தன் தாவாக்கட்டையை இரண்டு தட்டுத் தட்டினார். நான் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.