இருபதாயிரம் வளையம் சேர்ந்தால்தான் காந்தம் திருப்பும்

20 டெஸ்லா என்றதும் பெரிய காந்தப்புலமாகத் தோன்றும். தனி ஒரு பென்சீன் மூலக்கூறுக்கு அது ஒன்றுமே இல்லை. அதன் தட்டையான கார்பன் வளையத்தின் தளம் புலத்துக்கு இணையாக நிற்கத்தான் பார்க்கும். ஆனால் அப்படி நிற்பதால் மிச்சமாகும் ஆற்றல், அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலில் இருபதாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இருபதாயிரத்துச் சொச்சம் வளையங்கள் ஒரே திசையில் இறுகி ஒன்றாகத் திரும்பினால்தான் வெப்ப அசைவோடு மல்லுக்கட்ட முடியும். ஆற்றல் புலத்தின் இருபடியில் ஏறுவதால், 10 டெஸ்லாவில் இதைப்போல் நான்கு மடங்கு வேண்டும்.

0.35 நானோமீட்டர் இடைவெளியில் ஒற்றை அடுக்காக வைத்தால் அது 7 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளம். இப்படி மூலக்கூறுகள் அடுக்கி உருவாகும் மெல்லிய இழை அதற்குள் வளைந்துவிடும். வளைந்த இழையில் நேராக இருக்கும் துண்டு மட்டுமே கணக்கு. அதனால் கற்றையாகச் சேரும் இழைகளே நல்ல மாதிரி. கோளங்களும் சளைத்தவை அல்ல: நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வகத்தில் செக்ஸிதயோஃபீன் (ஆறு தயோஃபீன் வளையங்கள் கோத்த மூலக்கூறு) நானோ கோளங்களை 20 டெஸ்லாவில் தட்டையாக்கி, ஜெல்லில் அப்படியே பிடித்துவைத்தார்கள்.

இழைகள் புலத்தில் எவ்வளவு ஒருமுகமாக நிற்கின்றன என்ற சீரமைவை அளக்க இரட்டை ஒளிவிலகல் (ஒளி அதிரும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறுவது) போதும். ஒளி புலத்துக்குச் செங்குத்தாகப் போகவேண்டும். செங்குத்துத் துளை கொண்ட காந்தமென்றால் ஒளியைத் திருப்ப உள்ளே 45 பாகையில் கண்ணாடிகள் தேவை. ஒளியை ஒரே திசையில் அதிரவைக்கும் முனைவாக்கியும் புலத்துக்கு 45 பாகையில் இருக்கட்டும். அடுத்து ஒளியின் முனைவாக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் 50 கிலோஹெர்ட்ஸ் ஒளிமீள் பண்பேற்றி, கடைசியில் அந்த அதிர்வெண்ணின் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கி. 2 மி.மீ. தடிமனுள்ள குவெட்டில் (மாதிரி வைக்கும் கண்ணாடிக் கலம்) 633 நானோமீட்டர் ஒளிக்கு, ஒளிவிலகல் எண் வேறுபாடு பத்து லட்சத்தில் ஒன்று என்றால் கட்ட வேறுபாடு 1.1 பாகை. 90 பாகையைத் தாண்டினால் சைன் அலைபோல் ஏறிவந்த சமிக்ஞை திரும்பி இறங்கும். சீரமைவு குலைந்ததாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள், குவெட்டை மெல்லியதாக்குங்கள்.

ஏமாற்றும் சமிக்ஞைகள்தான் உண்மையான தொல்லை. டொலுயீன் போன்ற கரைப்பானின் சொந்தச் சமிக்ஞையும் புலத்தின் இருபடியில் ஏறும். வெறும் கரைப்பானை அதே குவெட்டில் அளந்து கழிக்காத வளைவை நான் நம்புவதில்லை. குவெட்டை இறுக்கிப் பிடித்தால் புலமே இல்லாமல் ஒரு மாறிலி வரும். கண்ணாடிகளிலும் லென்சிலும் ஃபாரடே சுழற்சி (புலம் ஒளியின் முனைவாக்கத் திசையைச் சுழற்றுவது) நுழைந்திருந்தால் புலத்தின் திசையை மாற்றிப் பாருங்கள்: அது குறி மாறும், சீரமைவு மாறாது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் வளைவு பிரிந்தால், இழை மெதுவாகத் திரும்புகிறது அல்லது படிகிறது. அடுத்த முறை புலத்தை நிதானமாக ஏற்றுங்கள்.

ஜெல் உருவாகிய பிறகு புலம் போடுவது வீண். கரைசலாகும் வரை சூடாக்கி, முழுப் புலத்தில் மெதுவாகக் குளிர்வித்து, உறைந்தபின்தான் புலத்தை இறக்கவேண்டும். வளையங்கள் இழையின் அச்சுக்குக் குறுக்காக அடுக்கப்பட்டிருந்தால் இழைகள் புலத்துக்குச் செங்குத்தான தளத்தில் நாலாபக்கமும் விரிந்துவிடும். புலத்துக்குச் செங்குத்தான அச்சில் குவெட்டைச் சுழற்றினால் அவை அந்த அச்சிலேயே ஒருமுகப்படும்.

மின்னணு நுண்ணோக்கிக்காக உலர்த்தும்போது கரைப்பானின் பரப்பு இழுவிசை இழைகளைச் சாய்க்கும். புலத்தின் திசையைக் குவெட்டிலேயே குறித்துக்கொண்டு, புலமின்றி உறைந்த மாதிரியையும் அதே முறையில் உலர்த்தி ஒப்பிடுங்கள்.