வலது பக்கம்

பிப்ரவரி 6

வலது காது சட்டென்று கேட்காமல் போய்ச் சில நாள் ஆகிறது. இன்றும் சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லியைக் காணவில்லை.

பிப்ரவரி 7

காதுக்குக் கொடுத்த மாத்திரை தூக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதிகாலை மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' போட்டேன். வால்யூம் குறைவாகத்தான், டாக்டரிடம் சொன்ன வார்த்தையை மீறவில்லை.

முதல் பாட்டில் டேவிஸ் ட்ரம்பெட்டை முடித்ததும் இடது பக்கம் கோல்ட்ரேன் சாக்ஸபோனோடு வருவார். அவர் முடித்ததும் வலது பக்கம் ஆடர்லி. கோல்ட்ரேன் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் குடைந்து பார்க்கிற ஆள். அவருக்குப் பின்னால் ஆடர்லி வரும்போது யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல இருக்கும் எனக்கு. இருபது வருடமாக அந்த இடத்தில் என் தலை தானாக வலது பக்கம் சாயும். இன்றும் சாய்ந்தது. அங்கே ஆள் இல்லை. பாஸ் வாத்தியம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. எங்கோ பக்கத்து அறையில் யாரோ சாக்ஸபோன் வாசிக்கிறார்கள்.

ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். ஆடர்லி இடது காதுக்கு வந்தார், கோல்ட்ரேன் போய்விட்டார். ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர் எழுந்து போகிறார். நாலு முறை மாற்றி மாற்றி மாட்டினேன். அப்புறம் அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 8

போனில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறதாம், அக்கா சொன்னாள். அதைப் போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதில் சேர்ந்து வரும். "அதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கேளேன்டா" என்கிறாள். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

போட மாட்டேன். இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 9

தம்புரா ஆப். இடது காதில் சா. வலது காதில் உள்ளுக்குள்ளேயே ஊதுகிற விசில் மட்டும்.

பிப்ரவரி 10

இன்று ஹெட்போன் இல்லை, ஸ்பீக்கர்தான். பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்'.

அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது சிறு வயதிலிருந்தே கிட்டத்தட்ட கேட்டதில்லை. இது எனக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். யாரிடமாவது அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினால் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். இன்றைக்குத்தான் அந்த மனிதரை நினைத்துக் கேட்டேன். 1966 மே மாதம், அவருக்கு 23 வயது. சைக்கிள் மணி, ஹார்ன், புல்லாங்குழல், தம்பிகளின் குரல்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மோனோவில் வெளியிட்டார். முழு ஆல்பமும் ஸ்டீரியோவில் வர 1997 ஆயிற்று. அந்த ஸ்டீரியோவை அவரால் நம்மைப்போலக் கேட்க முடிந்திருக்காது.

அதில் எதுவும் எங்கும் தொலையவில்லை. கடைசியில் ரயில் போகிறது, நாய்கள் குரைக்கின்றன. ரயில் தூரத்தில் போகிறது என்பது ஒற்றைக் காதுக்கும் தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்று மூன்று முறை கேட்டேன். சத்தம் குறைவதால் மட்டும் இல்லை. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அவர் அப்படியே வளர்ந்தவர். எனக்குப் போன வாரம்வரை இரண்டு காதும் இருந்தன.

பிப்ரவரி 12

அடைத்த அறை, கையில் ஒரு பொத்தான். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை. வலது காதைச் சோதிக்கும்போது இடது காதில் ஒரு இரைச்சலைப் போட்டுவிடுகிறார்கள், அது இதற்கு உதவிக்கு வந்துவிடக் கூடாதாம். எனக்கு அந்த ஏற்பாடே கொடுமையாகப்பட்டது. சில இடங்களில் சத்தம் கேட்டதா, கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனா, தெரியாமலே பொத்தானை அழுத்தினேன்.

தாளில் நீலப் பெருக்கல் குறிகள் இடது காது, மேலே வரிசையாக நிற்கின்றன. சிவப்பு வட்டங்கள் வலது காது. படிக்கட்டு இறங்குகிறதுபோல இறங்கி வலது ஓரத்தில் அடியில் கிடக்கின்றன.

நாளை ஊசி. செவிப்பறை வழியாக.

பிப்ரவரி 13

வலிக்கவில்லை. தலை சுற்றியது. பாட்டு எதுவும் வேண்டாம் இன்று.

பிப்ரவரி 15

'ஹவ் டு நேம் இட்?'

இதைக் கேட்கப் பயந்துதான் இத்தனை நாள் மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். இளையராஜா இதை 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணமாக வெளியிட்டார். எனக்கு அதெல்லாம் பின்னால் தெரிந்தது. முதலில் தெரிந்தது நரசிம்மனின் வயலின் மட்டும்தான். அது ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டு போக, மற்ற வயலின்கள் அடியிலிருந்து வேறு வேறு வழியில் ஏறி வரும். எந்தக் குரலைப் பின்தொடர்வது என்று தவிக்கும் சுகத்தை அதில்தான் கற்றுக்கொண்டேன். ஒன்றைப் பிடித்தால் மூன்று நழுவும், மறுநாள் வேறொன்றைப் பிடிக்கலாம்.

பாதியில் உறைத்தது. அதை முதன்முதலில் கேட்ட டேப் ரிக்கார்டரில் ஒரே ஒரு ஸ்பீக்கர். அண்ணனுடையது, மூடி உடைந்தது, பென்சிலால் கேசட்டைச் சுற்றிவிட்டுப் போட வேண்டும். ஐந்தாறு வருடம் அதில்தான் கேட்டேன். அந்த வயலின்கள் இடது, வலது என்று பிரிந்து நிற்கும் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அது எங்கே என்று கேட்டேன். எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று என்றான். ஏன் கேட்கிறாய் என்றான். சும்மா என்றேன்.

பிப்ரவரி 16

மோனோவைப் போட்டேன். மூன்று நிமிடம். கோல்ட்ரேன், ஆடர்லி இருவருமே வந்தார்கள், ஒரே நாற்காலியில். 1959இல் நிறையப் பேர் மோனோ ரெக்கார்டில்தான் இதைக் கேட்டிருப்பார்கள், அவர்களுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. எனக்கு இருந்தது. எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 18

விசில் இன்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' போட்டேன். ஹரிபிரசாத் சௌரசியா ஸ்வரத்தில் கால் வைப்பதற்கு முன் ஒரு காற்று வரும், புல்லாங்குழலின் வாயில் உரசுகிற காற்று. அது போய்விட்டால் மீதி இருப்பது ராகம் மட்டும்தான். அது இருக்கிறது. இடது காதில் இருக்கிறது. அதுபோதும் என்று எழுத வந்தேன். போதாது.

பிப்ரவரி 20

வலது காதில் தம்புரா!

ஆனால் ஸ்ருதி வேறு. இடதில் சா. வலதில் அதைவிடக் கீழே, கால் ஸ்வரத்துக்கும் கூட, கரகரப்பாக. இரண்டையும் சேர்த்து வைத்தால் குடலைப் புரட்டுகிறது. டாக்டரைக் கேட்டேன். டிப்ளாக்யூசிஸ், ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் இரண்டாகக் கேட்பது, மீண்டு வரும் காதில் நடப்பதுதான் என்றார். நல்ல அறிகுறியா என்றேன். "கேட்கிறதே" என்றார். வீடு வரைக்கும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கமே தப்பான ஸ்ருதியில்தான் முப்பது வருடத்துக்கு மேல் விற்றது. 1959 மார்ச் 2, பதிவு நடந்த அன்று டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டால் மூன்று பாட்டும் வேகமாகி, ஸ்ருதி சற்று ஏறிவிடும். கூடவே வாசித்துப் பழகியவர்களுக்கு வாத்தியம் ஒத்தே வந்திருக்காது. 1990களில்தான் திருத்தினார்கள். அதுவரை உலகமே அந்த ஏறிய ஸ்ருதியைத்தான் காதலித்தது. என்னிடம் இருப்பது திருத்திய பதிப்பு. இப்போது என் வலது காதில் அது இறங்கி ஒலிக்கிறது.

பிப்ரவரி 22

புதிதாகவும் ஏதாவது கேட்க வேண்டும் என்று 'திஸ் மொமென்ட்'. 1977க்குப் பிறகு ஸ்டுடியோ ஆல்பத்துக்கு வந்த சக்தி இசைக்குழு, 2023. அன்று விக்கு விநாயக்ராமின் கடம், இன்று மகன் செல்வகணேஷின் கஞ்சிரா. கஞ்சிராத் தோலை அழுத்தி ஸ்ருதியைக் கீழே வளைக்கிறாரே, அது மட்டும் எனக்கு உறுத்தவே இல்லை. வளைவதற்கென்றே இருக்கிற சத்தம். ஜாகிர் உசேன் தபலா வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் போனது 2024 டிசம்பரில். இன்னும் முழுசாகக் கேட்க முடியவில்லை, அதற்கும் காதுக்கும் சம்பந்தம் இல்லை.

பிப்ரவரி 23

பாப்பா வலது காதில் ரகசியம் சொன்னாள். புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினேன். கண்டுபிடித்துவிட்டாள்.

பிப்ரவரி 25

நாளை மறுநாள் மறுபடி அந்த அடைத்த அறை. ஆசைப்பட்டு அழுத்தக் கூடாது.

பிப்ரவரி 26

தம்புரா. இடதில் சா. வலதில் கொஞ்சம் கீழே, நேற்றைவிடக் குறைவான தூரம். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை பார்த்தேன், கற்பனை இல்லை. எல்லாரும் தூங்கியாயிற்று. ஹெட்போனை எடுத்து வைத்திருக்கிறேன். கோல்ட்ரேன் முடிக்கிற இடம்வரை போய்