கழுத்தில் மாட்டிய நரம்பு

மார்ச் 3

எம்ஆர்ஐ ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. கழுத்தின் ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல உள்ள டிஸ்க் வலப்பக்கம் பிதுங்கி, தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஏழாம் நரம்பு வேரை அழுத்துகிறதாம். கழுத்தில் எலும்பு ஏழுதான், நரம்பு வேர் மட்டும் எட்டு ஜோடி. முதல் ஏழும் தத்தம் எலும்புக்கு மேலே உள்ள துவாரம் வழியாக வெளியே வருகின்றன. 6-7 டிஸ்க் பிதுங்கினால் ஏழாவது மாட்டுவது அதனால்தான்.

என் வலியும் அந்தப் பாதையிலேயே போகிறது. தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஒரு குடைச்சல், மேல்கையின் பின்புறம் இழுப்பு, நடுவிரலில் மரமரப்பு. கழுத்து என்னவோ அவ்வளவாக வலிக்கவில்லை.

ஆபரேஷன் பேச்சு இப்போதைக்கு வேண்டாம், முதலில் ஆறு வாரம் மாத்திரையும் பிசியோவும் என்றார் டாக்டர். இந்த வகை வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே கரைத்துச் சுருக்கிவிடுவதும் உண்டு என்றார்.

மார்ச் 5

பிசியோ மேடம் ஸ்கேன் உறையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "படத்துல பிதுக்கம் இருந்தும் ஒரு வலியும் இல்லாதவங்க நிறையப் பேர் இருக்காங்க. முதல்ல உங்களைப் பார்ப்போம்."

தலையை வலப்பக்கம் சாய்த்து மேலிருந்து மெல்ல அழுத்தினார். நடுவிரல் வரை சுருக்கென்று பாய்ந்தது. தாடையையும் பின்தலையையும் பிடித்து மேல்நோக்கி இழுத்ததும் வலி பாதியாகக் குறைந்தது. பிறகு கையைப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையையும் மணிக்கட்டையும் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். கழுத்தை வலப்பக்கம் திருப்பச் சொல்லி அளந்தார். 60 டிகிரியைத் தொடவில்லை. இந்த நான்கு சோதனையும் ஒன்றாகத் தேறினால் நரம்பு வேர்ச் சிக்கல் என்பது ஏறக்குறைய உறுதியாம். வேறெதில் தேறினேனோ இல்லையோ, இதில் நான்கிலும் தேறிவிட்டேன்.

வலது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி ஏன் குறைகிறது என்று கேட்டேன். அப்படி வைக்கும்போது நரம்பு வேரின் மேல் உள்ள இழுவிசை தளர்கிறதாம்.

அடுத்து வந்த கேள்விகள்தான் அடிவயிற்றைக் கலக்கின. சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம் உண்டா? நடக்கையில் கால் தள்ளாடுகிறதா? சிறுநீர் கழிப்பதில் மாற்றம்? குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் தண்டுவடமே நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம்; அதன்பின் கழுத்தை இயந்திரத்தால் இழுக்கும் டிராக்‌ஷன் கிடையாது, நேரே டாக்டரிடம். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றேன்.

மார்ச் 8

டிராக்‌ஷன். மல்லாந்து படுக்க வைத்து, கழுத்து சற்று முன்னால் வளைந்திருக்கும்படி தலைக்குப் பட்டி மாட்டினார்கள். இயந்திரம் கொஞ்ச நேரம் இழுக்கிறது, தளர்த்துகிறது, மறுபடி இழுக்கிறது. முதல் நாள் என்பதால் எடை குறைவு. இழுக்கும்போது எலும்புகளுக்கிடையே துவாரம் சற்று விரிவதால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது. இத்தனை நாளில் இன்றுதான் கை என்ற ஒன்று இருப்பதையே மறந்து படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் வலியும் வந்து சேர்ந்தது. "மெஷின் வழி விடும். அந்த நேரத்துல பயிற்சி செய்யலேன்னா திரும்ப அடைச்சுக்கும்" என்று மேடம் முன்பே எச்சரித்திருந்தார்.

மார்ச் 10

தாடையை உள்ளிழுக்கும் பயிற்சி. குனியக் கூடாது, அண்ணாந்து பார்க்கவும் கூடாது. முகம் நேராக இருக்க, தலை மட்டும் பின்னால் நகர வேண்டும். கழுத்தின் முன்புறத்தில் ஆழமாக உள்ள சிறு தசைகளுக்கான வேலை. பார்க்க அற்பமாக இருக்கிறது, செய்தால் நெற்றி வியர்க்கிறது.

மார்ச் 14

இன்று நரம்பை நகர்த்தும் பயிற்சி. முழங்கையை நீட்டும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும், முழங்கையை மடக்கும்போது மணிக்கட்டை விரிக்க வேண்டும். ஒரு முனை இறுகும்போது மறுமுனை தளர்வதால், பாவாடைக்குள் நாடா ஓடுவதுபோல நரம்பு இழுபடாமல் நகர்கிறது. இரண்டு முனையையும் ஒரே சமயத்தில் நீட்டினால் அது இழுப்பாகிவிடும். ஏற்கெனவே புண்பட்ட நரம்புக்கு ஆகாது. மரமரப்பு கூடினால் அங்கேயே நிறுத்த வேண்டும். "வலிச்சாத்தான் பலன்" என்பது இங்கே செல்லாது.

மார்ச் 17

காலையில் கழுத்து விண்ணென்று வலித்தது, முன்னைவிட அதிகமாக. பயந்துபோய் மேடத்துக்கு போன் செய்தேன். "கை எப்படி இருக்கு?" என்றார். யோசித்துப் பார்த்தால், வலி முழங்கைக்குக் கீழே இறங்கவே இல்லை. "அப்ப நல்லதுதான். விரல்லேர்ந்து கைக்கு, கையிலேர்ந்து தோளுக்கு, கடைசியில கழுத்துக்கு. வலி பின்வாங்கற வழி அது. எவ்வளவு வலிக்குதுன்னு பாக்காதீங்க, எங்க வலிக்குதுன்னு பாருங்க."

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு காலைப்பொழுதின் நடுக்கம் மிச்சமாகியிருக்கும். இனி குறிப்பேட்டில் பத்துக்கு எத்தனை என்று வலிக்கு மதிப்பெண் போடப் போவதில்லை. வலி எதுவரை இறங்கியது என்று மட்டும் எழுதுவேன்.

கழுத்தைத் திருகிச் சொடக்கெடுத்தால் ஒரே நாளில் போய்விடும் என்று உறவில் ஒருவர் சொன்னார். கழுத்தை வெடுக்கென்று திருகினால், அரிதாகவே என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியக்கூடும். மேடம் சொடக்கெடுத்தது மேல்முதுகில் மட்டும்.

மார்ச் 21

கழுத்துப்பட்டை பற்றிக் கேட்டேன். 2009-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றை மேடம் சொன்னார். வலி தொடங்கி அதிக நாள் ஆகாத 205 பேர். பட்டையும் ஓய்வும் ஒரு குழுவுக்கு, பிசியோதெரபி ஒரு குழுவுக்கு, மூன்றாவது குழு சும்மா காத்திருந்தது. ஆறு வாரத்தில் முதல் இரண்டு குழுவுக்கும் வலி கூடுதலாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகப் பட்டை தீண்டத்தகாததல்ல, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் தசை சோம்பிவிடும். நான் வாங்கவில்லை.

மார்ச் 26

கணினித் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தியாயிற்று. குப்புறப் படுப்பதை விட்டாயிற்று. வேறு செய்தி இல்லை. வலி: தோள் வரை.

ஏப்ரல் 4

மறுபரிசோதனை. தலையைச் சாய்த்து அழுத்தினால் விரலுக்குப் பாயவில்லை, தோள்பட்டையோடு நின்றுவிடுகிறது. கழுத்து 60 டிகிரியைத் தாண்டித் திரும்புகிறது. ஆனால் முழங்கையை மடக்கியபடி மேடத்தின் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னபோது வலது கை இன்னும் தோற்கிறது. நடுவிரல் நுனி மரமரப்பும் அப்படியே. வலி முதலில் போகும், பலமும் உணர்ச்சியும் பின்தங்கித்தான் வரும் என்றார். டிராக்‌ஷன் இன்றோடு நின்றது. இனி ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பதும், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதும்.

பலம் இதற்கு மேல் குறைந்தால் காத்திருக்காமல் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார். குறையாவிட்டால் அடுத்த சந்திப்பு ஏப்ரல் 18.