எட்டணாக் கணக்கு

2022 மார்ச் 31, வியாழன்

இன்றைக்கு இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு. லப்டொப்பில் கிடந்த சார்ஜ் முழுக்க அப்பாவின் 'பாமா விஜயம்' படத்தோடு போய்விட்டது. மூன்று மருமகள்மாரும் பக்கத்து வீட்டு நடிகைக்காக ஆலாய்ப் பறந்துகொண்டிருக்கும்போது திரை இருண்டது. அப்பா மிச்சக் கதையை இருட்டுக்குள் இருந்தே சொல்லிக்கொண்டு போனார். வலக்கண்ணில் வெண்புரை முற்றியதிலிருந்து அவர் படம் பார்ப்பதில்லை, கேட்கிறார். குரலை வைத்து ஆளைப் பிடிப்பார். நாகேஷ் வாய் திறக்க முதலே சிரித்துவிடுவார்.

இரவு போன் முழுக்க மிரிஹானை. ஜனாதிபதி வீட்டுக்குப் போகிற வழியில் சனம் திரண்டு நிற்கிறது. பஸ் ஒன்று எரிகிறது. நித்திரை வரவில்லை.

ஏப்ரல் 2

அவசரகாலச் சட்டம், ஊரடங்கு. "எங்களுக்கு இது புதுசே, பிள்ளை?" என்றார் அப்பா.

ஏப்ரல் 3, ஞாயிறு

பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வேலை செய்யவில்லை. பகலில் கொஞ்சம் கரண்ட் வந்தது, படத்தை முதலில் இருந்து போட்டோம்.

1967இல் வந்த படம். அந்த நேரம் பாலச்சந்தர் சினிமாவுக்குப் புதியவர். சென்னையில் கணக்காளர் நாயகம் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த மனிதர் அவர். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. அவரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதியவர்தானே. "கணக்கு எழுதினவனுக்குத்தான் இப்பிடிக் கதை வரும்" என்பார்.

கதை இவ்வளவுதான். ஒரு தகப்பன், மூன்று மகன்கள், மூன்று மருமகள்மார். அளவான சம்பளம், ஒன்றாய்ச் சமையல், ஒன்றாய்ச் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்கு சினிமா நடிகை குடிவருகிறாள். அவளுக்கு முன்னால் பெரிய மனிதராய்த் தெரியவேண்டும் என்று கடனுக்கும் தவணைக்கும் சாமான் வந்து இறங்குகிறது. பிறகு கடன்காரர் வருகிறார்கள். தகப்பனாக டி.எஸ். பாலையா. அவர் ஏதும் பேசாமல் நின்றாலே எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிய வயிற்றுக்குள் ஒரு பயம் இறங்கும். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, ஒருவரில் ஒருவர் அன்பானவர்கள், ஆனாலும் வீடு கண்ணுக்கு முன்னால் சரிகிறது. இப்படி ஒரு பயத்தைச் சிரிப்போடு கலந்து தர எல்லாராலும் ஏலாது.

இரவு மந்திரிமார் எல்லோரும் பதவி விலகுகிறோம் என்று அறிவித்தார்கள். ஜனாதிபதி விலகவில்லை, பிரதமரும் விலகவில்லை.

ஏப்ரல் 12

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமுடியாது என்று நிதி அமைச்சு சொல்லிவிட்டது. 51 பில்லியன் டொலர். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வரவு எட்டணா" என்றார். 'செலவு பத்தணா' என்று தொடரும் அந்தப் படப் பாட்டின் வரி. பாட்டாகப் பாடவில்லை, தீர்ப்புப் போலச் சொன்னார்.

அலுவலகத்தில் இரண்டு பேர், பஸ்ஸில் ஒருவர், டிவியில் ஒரு பொருளாதார நிபுணர், இப்போது அப்பா. எல்லோரும் இதையே சொல்கிறார்கள். நாங்கள் எல்லோரும் தகுதிக்கு மேல் வாழ்ந்துவிட்டோமாம். எந்த நாங்கள்?

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. காஸ் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் பொங்கினேன், பொங்கலில் மண்ணெண்ணெய் மணம். அப்பா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 19

பெற்றோல் லீற்றர் 338 ரூபா. ரம்புக்கனையில் எண்ணெய் கேட்டு மறியல் செய்தவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் செத்துப்போனார்.

எண்ணெய் கேட்டதற்கு.

ஏப்ரல் 24

ஜனாதிபதியைப் போகச் சொல்லிச் சனம் கூடாரம் அடித்திருக்கிற காலிமுகத்திடலுக்கு வேலைத்தல நண்பியோடு போய்வந்தேன். கூடாரங்கள், இலவசச் சாப்பாடு, சனம் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களை அடுக்கி ஒரு நூலகம். தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்களாம். நாங்கள் நின்ற நேரம் ஒரு பெடியன் முன்னாலுள்ள ஜனாதிபதி செயலகத்தைக் காட்டி நடித்துக்கொண்டிருந்தான். நடை, கையசைவு, பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிற முழி, எல்லாம் அச்சு. சுற்றி நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பத்து வருடத்துக்கு முன் இந்தச் சிரிப்புக்கு ஆளைக் கடத்த வெள்ளை வான் வந்திருக்கும். நானும் சிரித்தேன். சத்தமாகத்தான்.

அப்பா கேட்டார், "தமிழ்ச் சனம் எவ்வளவு பேர் நிண்டது?" நிற்கத்தான் செய்தார்கள், ஆனால் குறைவு.

மே 9, திங்கள்

பிரதமர் மஹிந்தவின் அலரி மாளிகையில் கூட்டம் முடித்து வெளிக்கிட்ட அவருடைய ஆதரவாளர்கள் பொல்லுகளோடு காலிமுகத்திடலுக்கு வந்து கூடாரங்களை உடைத்திருக்கிறார்கள். மஹிந்த பதவி விலகிவிட்டார். பின்னேரத்தில் இருந்து நாடு முழுக்க அரசியல்வாதிகளின் வீடுகள் எரிகின்றன. நிட்டம்புவவில் ஒரு எம்.பி. கொல்லப்பட்டுவிட்டார். அந்த நூலகம் என்ன ஆனது என்று தெரியவில்லை.

அப்பா படம் போடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை.

மே 10

இன்றைக்கும் போடவில்லை.

மே 19, வியாழன்

ஏப்ரல் 18 அன்று கட்டவேண்டிய வட்டி 78 மில்லியன் டொலர். அதற்குக் கொடுத்த முப்பது நாள் தவணை நேற்றோடு முடிந்துவிட்டது. சுதந்திரம் கிடைத்த நாளில் இருந்து முதல் தடவையாக நாடு கடன் தவறிவிட்டது. நேற்று மே 18. முள்ளிவாய்க்கால் நாள். காலிமுகத்திடலில் நேற்றுக் கஞ்சி காய்ச்சி நினைவுகூர்ந்திருக்கிறார்கள், சிங்களப் பெடியளும் நின்று கஞ்சி குடித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே இரவில் வாசித்தேன். யாரும் திட்டம் போட்டு வைத்த திகதி இல்லை, தெரியும். ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது.

யுத்தம் செய்ததும் கடன் காசில்தான். அதையும் அந்தப் பத்தணாவுக்குள் சேர்க்கவேண்டாமா? வெளிநாட்டுச் சந்தையில் முதல் கடன்பத்திரம் 2007இல் விற்றார்கள், 500 மில்லியன் டொலர். பிறகு ஒன்றுக்கு மேல் ஒன்று. மத்தளையில் பிளேன் வராத விமான நிலையம். பேர வாவிக் கரையில் 350 மீற்றருக்கு மேல் உயரமான தாமரைக் கோபுரம், அதுவும் சீனக் கடன். இவை எல்லாம் நடிகைக்குக் காட்ட வாங்கிய சோபா செட்டுகள்தான், அப்பா சொல்வது அதுவரைக்கும் சரி. ஆனால் படத்தில் சோபா செட்டில் இருந்தவர்களே கடன்காரனுக்கும் முகம் கொடுக்கிறார்கள். இங்கே யார் இருந்தார்கள், யார் முகம் கொடுக்கிறார்கள்?

இன்னொன்று. 2019 முடிவில் வற் வரியை 15 வீதத்தில் இருந்து 8 ஆக்கினார்கள். வேறு வரிகளையும் வெட்டினார்கள். செலவைக் கூட்டினவர்களைப் பற்றித்தான் அப்பா கதைக்கிறார். வரவைத் தங்கள் கையாலேயே வெட்டி எறிந்த ஒரு குடும்பம் அந்தப் படத்தில் இல்லை. யாராவது எழுதியிருந்தால் பாலச்சந்தரே நம்பமுடியாது என்று விட்டிருப்பார்.

இதை அப்பாவிடம் சொன்னேன். பேரேடு எழுதின மனிதர், வரவுப் பக்கத்தைச் சொன்னவுடன் நிமிர்ந்து இருந்தார். "அது பிழைதான்" என்றார். பிறகு, "எண்டாலும் சனமும் வோட்டுப் போட்டது பிள்ளை."

போட்டது. ஜனாதிபதி கோட்டாவுக்கு 69 இலட்சம் பேர். நாங்கள் போடவில்லை என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். வரிசையில் நிற்கிற சனத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

மே 24

பெற்றோல் 420.

ஜூன் 6

கண் ஒப்பரேசனுக்குத் திகதி தந்திருந்தார்கள். போனோம். லென்ஸ் இல்லையாம், பிறகு அறிவிப்போம் என்றார்கள். அந்த நேர்சுக்கு என் வயதுதான் இருக்கும். எங்களுக்கு முன்னால் நின்ற கிழவியிடமும் அதையே சொன்னா, எங்களுக்குப் பின்னால் நின்றவரிடமும் அதையே சொன்னா. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா, "பாலையாவின்ர முகம் எனக்கு மனப்பாடம்தானே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 17

அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவாம், வீட்டுத் தோட்டம் செய்யச் சொல்லி. போன வருடம் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தி வயல்களைப் பாழாக்கியவர்கள், இப்போது கிளார்க்மாரிடம் பயிர் கேட்கிறார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வன்னியில் நெல் போட்டவனைக் கேட்டால் தெரியும்.

ஜூன் 27, திங்கள்

பெற்றோல் 470. அந்த விலைக்கும் கிடையாது. ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தானாம்.

எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருக்கிற அண்ணையைப் பார்த்தேன். பெற்றோல் ஷெட் வரிசையிலேயே நித்திரை, சாப்பாடு. மனுசி பார்சல் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறா. பின் சீற்றில் தலையணை, போர்வை, ஒரு பிளாஸ்க். ஓட்டோவை லீசிங்கில் எடுத்தவர். ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் தவணை நிற்கும். "தங்கச்சி, லீசிங்காரன் நேத்தும் கோல் எடுத்தவன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

இவரும் தவணைக்குத்தான் வாங்கினார். யாருக்குக் காட்ட? இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்க.

வந்து அப்பாவோடு சண்டை. சண்டை என்றால் நான்தான் சத்தம் போட்டேன். 90களில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் என்ன பத்தணா செலவழித்தோம் என்று கேட்டேன். பெற்றோல் தடை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, சவுக்காரம் தடை, பற்றறி தடை, பசளை தடை. ஜாம் போத்தலில் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் படித்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கரண்டில் றேடியோ பாடும். "வரவு எட்டணா" பாட்டை நான் முதலில் கேட்டதே அப்படித்தான். கை சோர்ந்தால் பாட்டு இரைந்து, அறுந்து போகும். அப்பா "சுத்து பிள்ளை, சுத்து" என்பார். அந்த வீட்டில் யார் ஆடம்பரம் செய்தது? அம்மா கடைசித் துண்டுச் சவுக்காரத்தை நூலால் நாலாக அறுத்து வைத்த வீடு அது.

அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அது வேற" என்றார் கடைசியில்.

எப்படி வேறு? அதைச் சொல்லவில்லை.

ஜூன் 28

அப்பா இன்று படம் கேட்கவில்லை.

ஜூலை 9, சனி

ரயிலில் தொங்கிக்கொண்டும் நடந்தும் சனம் வந்து கொழும்புக் கோட்டையை நிறைத்துவிட்டது. ஜனாதிபதி மாளிகைக்குள் போய்விட்டார்கள். நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள், கட்டிலில் புரள்கிறார்கள். ஒரு அம்மா சோபாவில் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு இருக்கிறா. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உள்ளே கிடந்த 178 இலட்சம் ரூபாவை எண்ணிப் பொலிசிடம் கொடுத்திருக்கிறார்கள். பசியோடு வந்தவர்கள் எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்! அப்பாவிடம் அதை மட்டும் சத்தமாக வாசித்தேன். "கணக்கு வச்சிருக்கினம்" என்றார். குரலில் மரியாதை இருந்தது.

ராத்திரி, மஹிந்தவுக்குப் பிறகு பிரதமரான ரணிலின் வீட்டை எரித்துவிட்டார்கள். அவருடைய புத்தகங்களும் போய்விட்டனவாம். நான் பெரிதாக எடுக்கவில்லை. 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவர் மந்திரியாக இருந்த அரசாங்கம் அது, 97,000 புத்தகங்கள். அப்பா சாம்பல் பறந்ததைப் பார்த்தவர். அவர்தான் சொன்னார், "புத்தகம் எரிக்கக் கூடாது. ஆரின்ர எண்டாலும்."

ஜூலை 14

கோட்டா மாலைதீவு போய் அங்கிருந்து சிங்கப்பூர். இராஜினாமா ஈமெயிலில்.

ஜூலை 16

அப்பா தானாகவே படம் கேட்டார். இன்று முழுப் படமும் ஓடியது, கரண்ட் போகவில்லை. முடிவில் குடும்பம் புத்தி தெளிந்து நிற்கும். வழமையாக அந்த இடத்தில் அப்பா "அதுதான்" என்பார். இன்று சொல்லவில்லை. "இதிலை தேப்பன் கடன்காரனுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடேல்லை, என்ன?" என்று கேட்டார்.

"ஓடேல்லை அப்பா."

ஜூலை 20, புதன்

புது ஜனாதிபதிக்குப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ரணிலுக்கு 134, டலஸுக்கு 82, அநுரவுக்கு 3. செல்லாதது 4. இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. அப்பா வாயாலேயே கூட்டினார், 225. "கூட்டல் சரி" என்றார். ரோட்டில் நின்ற ஒருவருடைய பெயரும் அந்தக் கூட்டலுக்குள் இல்லை. கடன் வாங்கினவர்கள் பெரும்பாலும் அந்த மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்கள்தான் எங்களுக்குச் சிக்கனம் சொல்லித் தரப்போகிறார்கள். எனக்கு நெஞ்செல்லாம் எரிகிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து கோல் வந்தது. லென்ஸை வெளியில் வாங்கிக் கொடுத்தால் வாற கிழமை செய்யலாமாம். ஓட்டோ அண்ணைக்கு எண்ணெய் கிடைத்ததா என்று விடியக் கேட்கவேண்டும்.