ஜியாலஜி முதலாண்டு: கேப்பர் மலையில் டிப் அளக்கும்போது

பி.எஸ்சி. ஜியாலஜி சேரும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு மனக்குறை உண்டு: சேலம் பக்கம் மாதிரி இங்கே பாறையே இல்லையே என்று. பாறை இருக்கிறது. அளப்பதற்குத்தான் கொஞ்சம் கஷ்டமான பாறை.

பாடப்புத்தகப் படத்தில் அடுக்கு 40 டிகிரி சாய்ந்திருக்கும், யாரும் அளந்துவிடலாம். கிடைமட்டத்திலிருந்து அடுக்கு சாயும் இந்தக் கோணம்தான் டிப். கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் தெரியும் செம்மணற்கல்லுக்கு ஜியாலஜியில் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர். அது கடல் பக்கமாக மிக மெல்லச் சரிகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர் இறங்கினாலும் டிப் 1.1 டிகிரிதான். கரடுமுரடான மணற்கல்மேல் சாய்வை அளக்கும் கிளினோமீட்டரை வைத்து இதைப் படிக்க முடியாது.

ஆனாலும் மாணவர்களின் ஃபீல்ட் நோட்டில் 20, 25 டிகிரி என்று எழுதியிருக்கும். அது பொய்க் கணக்கும் அல்ல. பழைய ஆறு மணலைத் தள்ளிக்கொண்டு வந்தபோது மணல்திட்டின் முன்சரிவில் படிந்த குறுக்கு அடுக்கை அளந்திருப்பார்கள். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சாய்ந்த கோடுகளை மேல்நோக்கிப் பின்தொடருங்கள். அவை எல்லாம் ஒரு தட்டையான தளத்தில் வெட்டுப்பட்டு நின்றால், அந்தத் தளத்தைத்தான் அடுக்காகக் கொள்ள வேண்டும். அதற்காக 25 டிகிரியை அடித்துவிடாதீர்கள். சாய்வுத் திசையோடு தனிப் பத்தியில் எழுதுங்கள், ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்பதைச் சொல்லும். ஒரே இடத்தில் ஒன்றை மட்டும் அளந்தால் போதாது, பத்திருபது வேண்டும்.

அப்படியானால் உண்மையான டிப்? மூன்று போர்வெல்லில் ஒரே களிமண் அடுக்கின் உச்சி எந்த ஆழத்தில் வந்தது என்று வாங்கி, மூன்று இடத்து உயரத்தை வைத்துத் தளத்தின் சாய்வைக் கணக்கிடும் மூன்று புள்ளி முறையில் போடுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ஆழத்தை அப்படியே பயன்படுத்துவது. தரைமட்டம் இடத்துக்கு இடம் மாறும். கடல்மட்டத்திலிருந்து தரையின் உயரத்தை எடுத்து, அதிலிருந்து ஆழத்தைக் கழித்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். மூன்று கிணறும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தாலும் விடை கெட்டுவிடும்.

காம்பஸ் படிக்கும்போது சுத்தியல் ஓரிரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். காந்தம் வைத்த மொபைல் கவர் அதைவிடப் பெரிய தொல்லை. மேடு மேல் பளபளவென்று கிடக்கும் தனிக் கல்லை அளக்கவே வேண்டாம். அது உருண்டு வந்ததாக இருக்கும்.

புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர்ப் பக்கம் போனால் கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம்) காலத்துக் கடல் படிவுகள், சுண்ணாம்புக்கல். ஆசிட் பாட்டில் அங்கேதான் வேலை செய்யும். லேபில் இருக்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு எடுத்தால் சுமார் 10 சதவீதக் கரைசல் கிடைக்கும். முதலில் தண்ணீர், பிறகு அமிலம், ஒருநாளும் மாற்றி ஊற்றக் கூடாது. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் கனிமம் உடனே நுரைக்கும். டாலமைட்டைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கினால்தான் நுரைக்கும். மண்ணில் உருண்டையாகக் கிடைக்கும் சுக்கான்கல்லும் நுரைக்கும் என்பதால், நுரையை மட்டும் நம்பிச் சுண்ணாம்புக்கல் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிவிடாதீர்கள்.

திருவக்கரை கல்மரங்களுக்குச் சுத்தியலைக் கொண்டு போகவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடம். லென்ஸ், ஸ்கேல், கேமரா போதும். மரம் கிடக்கும் திசையை அளந்து, குறுக்கு அடுக்கின் திசையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நல்லதொரு சின்ன ப்ராஜெக்ட் ஆகும்.

லேபில் கேப்பர் மலை மணற்கல்லைத் தின் செக்‌ஷன் (மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்த கல் துண்டு) செய்யும்போது உதிர்ந்துபோகும். வெட்டுவதற்கு முன்பே எபாக்சி ரெசினில் ஊறவைத்து இறுகவிட வேண்டும். 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்தால், போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் இரண்டு போலரைசரையும் குறுக்காக வைத்துப் பார்க்கும்போது குவார்ட்ஸ் சாம்பல், வெள்ளை நிறத்தில் தெரியும். மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிமன் இருக்கிறது என்று அர்த்தம், வேறு கனிமம் என்று அல்ல. இரும்பு ஆக்சைடு பூச்சு கண்ணைக் குழப்பும், அதற்குப் பழக்கம்தான் மருந்து.

கல்லூரி தேடுகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதைவிட மூன்று கேள்வி கேட்கலாம். வருடத்துக்கு எத்தனை நாள் ஃபீல்ட்? ஒரு போலரைசிங் மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை பேர்? தின் செக்‌ஷன் மெஷின் ஓடுகிறதா? நெய்வேலிச் சுரங்கத்துக்கு அழைத்துப் போவார்களா என்பதையும் கேளுங்கள். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் பம்ப் செய்யாவிட்டால் சுரங்கத் தரையே மேலெழும்பிவிடும். ஹைட்ரோஜியாலஜி பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் இல்லை.

வேலை பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு: ஜியாலஜிகல் சர்வே பணிக்கு யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வை பி.எஸ்சி.யோடு எழுத முடியாது, முதுகலை வேண்டும். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க 'ஜாம்' தேர்வில் ஜியாலஜி தாள் இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அதனால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கிரிஸ்டலோகிராஃபியும் ஸ்ட்ரக்சுரல் ஜியாலஜி கணக்குகளும் கைக்கு வந்திருக்க வேண்டும்.