அடிவயிற்றில் சிவப்பு விளக்கு வைப்பதற்கு முன்

இணையத்தில் வாங்கிய சிவப்பு விளக்கை அடிவயிற்றில் இருபது நிமிடம் காட்டினால் கரு நன்றாக வளருமா என்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பெண்கள் கேட்கிறார்கள். ஐ.வி.எஃப் எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்காக ஈப்போவுக்கு அலையும் செலவே பெரிது. அதற்கு மேல் இந்த விளக்குக்கும் காசு. வாங்க வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் ஆய்வுக்கூடத்தில், தட்டில் வளரும் கருவின் மேல் இந்த ஒளியை உண்மையிலேயே சோதிக்கிறார்கள். அதனால் விவரமாகவே சொல்ல வேண்டும்.

ஒரு கருமுட்டைக்குள் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியா ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கும். கரு ஐந்தாம் நாள் வாக்கில் பிளாஸ்டோசிஸ்ட் எனும் உள்ளே திரவம் நிறைந்த பந்து போன்ற நிலையை அடையும்வரை அவை பெருகுவதில்லை. முட்டை கொண்டுவந்த கையிருப்பைப் பங்குபோட்டுத்தான் கரு இரண்டு, நான்கு, எட்டு எனப் பிரிகிறது. பெண்ணுக்கு வயது ஏற ஏற அந்தக் கையிருப்பின் வலு குறைகிறது. மைட்டோகாண்டிரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி 630 முதல் 670 நானோமீட்டர் வரையிலான சிவப்பையும், 800-ஐ ஒட்டிய அகச்சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு செல்லின் எரிபொருளான ஏ.டி.பி உற்பத்தியைக் கூட்டும் என்பதுதான் இந்த ஒளிச் சிகிச்சையின் அடிப்படை. 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் மேல் ரூபி லேசர் பாய்ச்சியபோது முடி வேகமாக முளைத்ததைக் கண்டார். இந்தத் துறை தொடங்கியது அங்கேதான்.

அளவுதான் இதில் எல்லாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் வீதம் 100 வினாடி காட்டினால் 1 ஜூல். குறைந்தால் பலன் இருக்காது, கூடினால் கெடுதல். செம்பனை நர்சரியில் முளைக்கு முதல் மூன்று மாதம் வலைநிழல் கட்டுகிறோமே, அதே கணக்குதான்.

ஆய்வுக்கூடத் தட்டில் கருவோ 20 முதல் 50 மைக்ரோலிட்டர் வளர்ப்புத் திரவச் சொட்டில், எண்ணெய்க்கு அடியில் கிடக்கும். விளக்கில் எழுதியிருக்கும் வாட்டை நம்பக்கூடாது. தட்டு இருக்கும் உயரத்தில் பவர் மீட்டர் வைத்து அளக்க வேண்டும், எல்.இ.டி சூடேறினால் வெளிச்சம் குறையும் என்பதால் சற்று நேரம் எரியவிட்ட பிறகே அளக்க வேண்டும். கரு இல்லாத தட்டு ஒன்றில் வெப்பமானி நுனியை வைத்து 37 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். இல்லையென்றால் ஒளியின் விளைவு எது, சூட்டின் விளைவு எது என்று பிரிக்கவே முடியாது. கருவை வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டிக்கு வெளியே கார்பன் டைஆக்சைடு குறைவதால் திரவத்தின் பி.எச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2-7.4 வரம்பை விட்டு ஏறும். ஒளி காட்டாத ஒப்பீட்டுத் தட்டையும் அதே நேரம் வெளியில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். இதைச் செய்யாத பரிசோதனையின் முடிவை நம்ப முடியாது.

இன்னொன்று, நிறம். நீல ஒளி பட்டால் திரவத்திலுள்ள ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது கருவுக்கு நஞ்சு. நல்ல ஆய்வுக்கூடத்தில் அறை விளக்கை மங்கலாக வைப்பதும் மைக்ரோஸ்கோப்பில் வடிகட்டி போடுவதும் இதற்காகத்தான். கருவை அடிக்கடி படம் எடுக்கும் எம்ப்ரியோஸ்கோப் இன்குபேட்டர்கூட 635 நானோமீட்டர் சிவப்பு ஒளியில்தான் எடுக்கிறது.

இனி வீட்டு விளக்கு. கைப்பேசியின் டார்ச்சை விரல் நுனிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். நீலமும் பச்சையும் இரத்தத்தில் நின்றுவிட, சிவப்பு மட்டும் மங்கலாகக் கசியும். விரலின் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. கருப்பையோ தோல், கொழுப்பு, தசை எல்லாம் தாண்டி, சிறுநீர்ப்பைக்கும் பின்னால் இருக்கிறது. அவ்வளவு ஆழத்துக்கு, கணக்கிட்டுக் கொடுத்த அளவு என்று சொல்லும்படி ஒளி போய்ச் சேராது. தட்டில் இருக்கும் கருவுக்குப் பலன் கிடைத்தாலும் அதை வயிற்றின் மேல் வைத்த விளக்கிடம் எதிர்பார்க்க முடியாது. ஆண்கள் தொடையிடுக்கில் வைப்பது, விளக்கின் சூட்டால், இன்னும் மோசம். விதைப்பை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். கெட்டுப்போனால் புதியது தேற இரண்டரை மாதம் போல ஆகும்.

அந்தக் காசைச் சிகிச்சைக்கே வைத்துக்கொள்ளுங்கள். இ.பி.எஃப் (மலேசிய ஊழியர் சேமநிதி) மருத்துவப் பண மீட்பில் கருத்தரிப்புச் சிகிச்சையும் சேரும். 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிக் கழிவும் உண்டு, ரசீதை எறிந்துவிடாதீர்கள். கிளினிக்கில் "ஒளிச் சிகிச்சை" என்று கூடுதல் கட்டணம் சொன்னால் நான்கு கேள்வி கேளுங்கள்: எத்தனை நானோமீட்டர், எத்தனை ஜூல், எந்த நாள் கருவுக்கு, மனிதக் கருவில் ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த சோதனை எது? எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.