டபுள் பன்னிரண்டு

மார்ச் 2, 2024, சனி

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படுக்கவில்லை. டார்ட்ஸ் பலகையில் டபுள் பன்னிரண்டை, அதாவது 12-க்கு இரட்டிப்புப் புள்ளி தரும் மெல்லிய வெளிவளையக் கட்டத்தை, குறிவைத்து ஐம்பது அம்பு எறிந்தேன். பட்டது பதினொன்று. கம்பியில் பட்டுத் தெறித்து இரண்டு தரையில் விழுந்தன. வீவக அடுக்குமாடி வீட்டில் அந்தச் சத்தம் கீழ் வீட்டு ஆன்ட்டிக்குத் துல்லியமாகக் கேட்கும்.

அம்மா அடுப்படியிலிருந்து, "இதுக்கு மசேநிதி கட்டுவாங்களாடா?"

கட்டமாட்டார்கள். டார்ட்ஸில் மாதச் சம்பளமும் கிடையாது, அதோடு வரும் சேமநிதியும் கிடையாது. ஜெயித்தால் பரிசுப் பணம். தோற்றால் டிக்கெட்டும் ஓட்டலும் நம் கைக்காசு.

மார்ச் 5, செவ்வாய்

பழைய காணொளியை மறுபடி பார்த்தேன். 1990 உலகப் போட்டி, நம்ம சிங்கப்பூர்க்காரர் பால் லிம். 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பை ஒரு டபுளில் அடித்துச் சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். அதை ஒன்பதே அம்பில் முடிக்கிறார்: மூன்று அம்பில் 180, மறுபடி 180, அப்புறம் டிரிபிள் (மூன்று மடங்கு) 20, டிரிபிள் 19, டபுள் 12. உலகப் போட்டியில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. அதற்கு மட்டும் 52,000 பவுண்டு. கோப்பையை வென்ற பில் டெய்லருக்கு 24,000தான்!

அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளியில எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, "சரி, அது ஒரு தடவை. மாசாமாசம்?" என்றார்.

சமையல் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர் லிம். பப்புவா நியூ கினிக்கு ஆடினார், அந்த 1990-ல் அமெரிக்காவுக்கு ஆடினார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஊரைவிட்டே போகப் போகிறாயா என்று தொடங்கிவிடுவார்.

மார்ச் 9, சனி

ஓவர்டைம். எறியவில்லை.

மார்ச் 14, வியாழன்

எல்லோரும் கடைசியில் டபுள் 16 வரும்படி கணக்குப் போடுவது சும்மா இல்லை. 32 மீதமிருந்து, தவறி ஒற்றை 16-இல் பட்டால் 16, அப்புறம் 8, 4, 2 என்று பாதி பாதியாக இறங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டபுள் காத்திருக்கும். 24 அப்படி இல்லை: 12, 6, 3, அவ்வளவுதான். மூன்றில் மாட்டினால் ஓர் அம்பை வீணாக்கித்தான் வெளியே வர வேண்டும். பக்கவாட்டில் சறுக்கினாலும் ஒரு புறம் 5, மறுபுறம் 9. டபுள் வளையத்தின் அகலமே 8 மில்லிமீட்டர்.

2018 உலகப் போட்டியில் கேரி ஆண்டர்சனுக்கு எதிராக லிம் எட்டு அம்பைக் கச்சிதமாக எறிந்தார். வயது 63. ஒன்பதாவதுக்கு மிச்சம் அதே டபுள் 12. தவறவிட்டார். இருபத்தெட்டு வருடம் கழித்து, அதே எட்டு மில்லிமீட்டர்! எனக்கு ஒன்பது அம்பு காணொளியைவிட இதுதான் அதிகம் பிடிக்கும். ஏன் என்று அம்மாவுக்கு விளக்கிப் பார்த்தேன், வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

நம்மூர் பார்களில் பெரும்பாலும் மின்னணுப் பலகை, பிளாஸ்டிக் முனை. நின்று எறியும் கோடு பலகையிலிருந்து 2.44 மீட்டரில். கணக்கை இயந்திரமே கழித்துவிடும். இரும்பு முனைக்குக் கோடு 2.37. இந்த ஏழு சென்டிமீட்டர்தான் என் உயிரை வாங்குகிறது. வெள்ளிக்கிழமை பாரில் நன்றாக ஆடிவிட்டு, சனிக்கிழமை வீட்டுப் பலகையில் எறிந்தால் எல்லாம் ஒரு விரற்கடை மேலே போகிறது.

மார்ச் 23, சனி

கூட்டாளிகளோடு இரும்பு முனை ஆட்டம். கடைசி லெக்கில், அதாவது கடைசி 501-இல், எனக்கு 24 மிச்சம், கையில் மூன்று அம்பு. முதலாவது கம்பிக்கு வெளியே. இரண்டாவது ஒற்றைப் பன்னிரண்டு. மூன்றாவது டபுள் ஆறு, பட்டது. ஆடத் தெரிந்தவன் கைதட்டமாட்டான் இதற்கு. எனக்குப் பால் சேர்க்காத ஒரு தே ஓ வாங்கித் தந்தார்கள், அதுவே அதிகம்.

வேலையை விடும் கடிதம் மூன்று மாதமாகப் போனில் கிடக்கிறது. இன்று அதை அழித்துவிட்டு, நான்கு நாள் விடுப்புக்கு மட்டும் எழுதினேன். வெளிநாட்டில் ஓர் ஆசிய டார்ட்ஸ் போட்டி, சொந்தக் காசில்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "டிக்கெட் போகவர எத்தனை வெள்ளி?"